கூப்பன் வெட்டிய பக்கம்

அன்பு அப்புவுக்கு,

பார்சலைப் பிரித்ததும் உன் முகம் எப்படிச் சுருங்கியிருக்கும் என்று எனக்குத் திண்டுக்கல்லில் இருந்தே தெரிகிறது. சிங்கப்பூர்க்காரருக்கு நீ விற்ற பழைய படக்கதைப் புத்தகம் வரும் என்று கோயம்புத்தூரில் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருப்பாய். வந்ததோ உன் அம்மாவின் கிறுக்கல். திட்டுவதானால் திட்டிவிட்டு மேலே படி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் எண் போட்டு வட்டம் இட்டிருக்கிறேன், பார்த்தாயா? அந்தப் பக்கத்தில் நான் எழுதிய வரிகள் எத்தனை என்று அது. நான் எழுத எழுத உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார். எடைக்கல் பிடித்த மனுஷன், ஒன்று கூடவோ குறையவோ விடமாட்டார். எந்தப் பக்கத்திலாவது எண்ணுக்கு மேல் ஒரு வரி இருந்தால் அது நான் எழுதியதில்லை. இது என்ன கூத்து என்று கேட்பாய். சொல்லத்தானே எழுதுகிறேன்.

நான் பேனா பிடித்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. உனக்கு அது தெரியாது. மளிகைச் சாமான் சீட்டைக்கூட வாயால்தான் சொல்வேன். உன் ரேங்க் கார்டில் எல்லாம் அப்பாவின் கையெழுத்துதான். வாட்ஸ்அப்பில் ஒரு வரி அடித்து அனுப்பாமல் நிமிஷக்கணக்கில் பேசி அனுப்புகிறாயே என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாய். எழுதத் தெரியாத அம்மா என்றே நினைத்திருப்பாய். மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பதால் நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தைமாதம் மாலை மாற்றிக்கொள்ளப் போகிறாய். அதற்கு முன்னால் உன் அம்மா செய்த ஒரு காரியத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும். போனில் சொன்னால் நான் சிரித்துவிடுவேன், நீயும் சிரித்துவிடுவாய், விஷயம் போய்விடும்.

நான் வாசிக்கக் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் நம் பழைய பேப்பர் கடையில் உட்கார்ந்தபோதுதான். உன் அப்பா எடை போடுவார், நான் பிரித்து அடுக்குவேன். நியூஸ் பேப்பர் ஒரு பக்கம், பாடப் புத்தகம் ஒரு பக்கம், படக்கதை ஒரு பக்கம். படக்கதையில் ஆள் வாய்க்கு மேலே ஒரு வட்டம் போட்டு நாலே நாலு வார்த்தை எழுதியிருப்பான். முகம் கோபமாக இருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று பாதி ஊகித்துவிடலாம், மீதியை எழுத்துக் கூட்டினால் போதும். அப்படியே ஒரு வருஷத்தில் மடமடவென்று வந்துவிட்டது. எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாம் துப்பாக்கி வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் என்று உன் அப்பா அப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்தப் புத்தகங்களில் ஒரு சாபக்கேடு உண்டு. முன்னட்டை போனாலும் வாங்குவார்கள், நடுவில் குத்திய கம்பிப் பின் துருப்பிடித்துத் தாள் கழன்றிருந்தாலும் வாங்குவார்கள். கடைசிப் பக்கம் இல்லாவிட்டால் ஒருத்தரும் தொடமாட்டார்கள். அது கடலைப் பொட்டலத்துக்குத்தான் போகும். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தன் மலை உச்சியில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டிருப்பான், அவனை அப்படியே விட்டுவிட்டு அவன் மேல் கடலையைக் கொட்டி மடிப்பதா? ஆகவே கோடு போட்ட நோட்டுத் தாளைக் கிழித்து, ஊதாப் பேனாவால் நானே ஒரு முடிவு எழுதி, மைதாப் பசை தடவி ஒட்டிவைத்தேன். ஒன்று ஒட்டினேன், விற்றது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அசல் முடிவு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் என் இஷ்டம்தான். யாரையும் சாகவிடமாட்டேன். கொள்ளைக்காரன் மனம் திருந்திப் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்வான். மற்றவர்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்து, கை கழுவி, சாப்பிட உட்காருவார்கள். அந்தச் சாப்பாட்டு வரி இல்லாமல் நான் ஒரு கதையையும் முடித்ததில்லை. நீ சின்னதில் சோறு உண்ண அடம்பிடிக்கும்போது கதையைப் பாதியில் நிறுத்தி, "நீ உண்டாத்தான் அவுகளும் உண்ணுவாக" என்பேனே, அந்தப் பழக்கம்தான்.

அப்போது சனிக்கிழமைதோறும் கீரனூரிலிருந்து பஸ் ஏறி ஒருவர் கடைக்கு வருவார். பெயர் செல்லமுத்து. நாற்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆகவில்லை, ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டியில் வேலை. வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் வருவார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார், பழைய பேப்பர் கடைக்குள் செருப்பைக் கழற்றிய ஒரே ஆள் அவர்தான். வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "ஏனுங்க அம்மிணி, கடைசிப் பக்கம் இருக்குதுங்களா?" அந்தக் கேள்வியையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டேன். கடைசிப் பக்கம் வந்துட்டாரு என்று உன் அப்பாவிடம் கண் ஜாடை காட்டுவேன். சிரிப்பு வரும்.

நான் எழுதி ஒட்டியவற்றையும் அவர் வாங்கியிருக்கிறார். நான்தான் எழுதினேன் என்று அவருக்குத் தெரியாது, யாரோ வாசகர் எழுதியது என்று நினைத்திருந்தார். ஒருநாள் ரொம்பப் பணிவாக, "இந்தத் துப்பறியற ஆளு வெளிநாட்டுக்காரருங்க. அவரு எப்படிங்க ரசஞ்சோறு உண்பாரு?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. உன் அப்பா வேறு தராசுக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றைக்கே மனசுக்குள் கருவிக்கொண்டேன், இரு உனக்கு வைக்கிறேன் என்று.

இனி நீ என்னைவிட நன்றாக அறிந்த புத்தகத்துக்கு வருகிறேன். "பனிக்குகைக் கதவு." பனிமலையில் தொலைந்துபோன ஒருவனைத் தேடி ஒரு துப்பறிவாளன் ஏறுகிறான். கடைசிக்கு முந்தின பக்கத்தில் பாறைக்குள் ஒரு மரக்கதவு, அதன் மேல் அவன் கையை வைக்கிறான். அதற்குப் பிறகு பக்கம் இல்லை. எந்தப் பிரதியிலும் இல்லை. கடைசிப் பக்கத்துக்குப் பின்புறம் முழுக்க ஒரு போட்டிக் கூப்பன் அச்சடித்திருந்தார்களாம், நிரப்பி அனுப்பினால் கைக்கடிகாரம் பரிசு என்று. வாங்கிய அத்தனை பேரும் கதையை ஒரே மூச்சில் வாசித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்கள். கடிகாரம் யாருக்குக் கிடைத்ததோ தெரியாது, அந்த மனுஷன் கதவில் கை வைத்தபடியே நின்றுவிட்டான். செல்லமுத்து மூன்று பிரதி வைத்திருந்தார், மூன்றிலும் கூப்பன் வெட்டியிருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத்தான் கேட்பார். கதவுக்கு உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை என்பார்.

நான்காவது பிரதி நம் கடைக்கு எடையோடு வந்தது. அதிலும் பக்கம் இல்லை. சரி, ரசஞ்சோறு வேண்டாமா உனக்கு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல உச்சி வெயில், உன் அப்பா சாப்பிடப் போயிருந்தார், நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். எட்டு வரி எழுதினேன். எனக்கு இன்னும் மனப்பாடம்.

கதவு தானாகத் திறந்தது.
உள்ளேயிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
தெரிந்த குரல் போல இருந்தது.
அவன் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டான்.
உள்ளே போனான்.
கதவு சாத்திக்கொண்டது.
வெளியே வெயில் அடித்தது.
செருப்பு மட்டும் அங்கேயே கிடந்தது.

அவ்வளவுதான். சோறு இல்லை, வீடு திரும்பவில்லை. பனிமலையில் செருப்புப் போட்டுக்கொண்டு எவனடா ஏறுவான், அங்கே எங்கே வெயில் என்று பழைய படக்கதை சேர்க்கும் உன் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் பெரிய மனுஷர்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பனியை நான் எங்கே கண்டேன்? அந்தச் செருப்பு அவருடைய செருப்பு. அவரைச் சீண்டத்தான் எழுதினேன்.

சனிக்கிழமை வந்தார். கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். சிரிப்பார், அல்லது செருப்பைப் பார்த்துச் சண்டைக்கு வருவார், நான் குட்டை உடைத்துக் கேலி செய்யலாம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் இரண்டாவது தடவை வாசித்தார். முகம் ரொம்பச் சாந்தமாகிவிட்டது. வெகுநாளாகத் தேடின விலாசம் கிடைத்த மாதிரி. "நெசந்தானுங்க அம்மிணி. இப்படித்தான் இருக்கோணும்" என்றார். புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துப் பித்தான் போட்டுக்கொண்டு போய்விட்டார். விளையாட்டுக்கு எழுதினது என்று சொல்ல வாய் திறந்தேன், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அவர் திரும்பவில்லை. அடுத்த சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. ஒரு மாதம் கழித்து ஓர் அம்மா கடை வாசலில் வந்து நின்றாள். செல்லமுத்துவின் அக்கா, பாப்பாத்தி. தம்பியும் தானுமாகக் கீரனூர்த் தோப்பு வீட்டில் இருந்தவர்கள். ஒரு திங்கட்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்து பதினொரு மணி இருக்குமாம். வாசலில் அவள் தேங்காய் உலர்த்திக்கொண்டிருந்தாள். தம்பி மரத்தடியில் உட்கார்ந்து புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள்ளிருந்து யாரோ செல்லமுத்து என்று கூப்பிட்டது அவளுக்கும் கேட்டதாம். ரேடியோ போல இருக்கிறது என்று நினைத்தாள். அவன் எழுந்து போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போனான்.

"உள்ள போனவன் வரலீங்க அம்மிணி. ஒரே வாசலுங்க வூட்டுக்கு. அந்த வாசல்லதான் நான் உக்காந்திருந்தேன்."

ஒற்றை அறை, ஒரு சமையல்கட்டு, ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. கிணற்றில் இறங்கிப் பார்த்தார்கள், போலீஸில் எழுதிக்கொடுத்தார்கள், ஜோசியம் பார்த்தார்கள். ரேடியோ அன்றைக்கு ரிப்பேருக்குப் போயிருந்தது என்பது அவளுக்கு மறுநாள்தான் நினைவு வந்ததாம். இத்தனையும் சொல்லிவிட்டு, கடைசியாக இங்கே என்ன புத்தகம் வாங்கினான் என்று கேட்டாள். அவள் கண்ணைப் பார்த்து, "ஞாபகம் இல்லக்கா" என்றேன். அப்பு, நான் ஆயிரம் பேரைக் கேலி செய்திருக்கிறேன், ஒன்றுக்கும் வருத்தப்பட்டதில்லை. அந்த இரண்டு வார்த்தையை மட்டும் இன்னும் விழுங்க முடியவில்லை. அன்றைக்குப் பேனாவை எடுத்துக் காயலான் இரும்போடு போட்டவள்தான்.

உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். தற்செயல் என்றார். எவனோ எங்கேயோ ஓடிப்போனால் உன் எட்டு வரியா காரணம், அம்புட்டுப் பெரிய எழுத்தாளினியா நீ என்றார். நியாயம்தான். அப்படியே நினைத்துக்கொண்டு காலம் ஓட்டினேன். நீ வளர்ந்தாய், நான் எடைக்கு வாங்கிப் போட்ட குப்பையை நீ பொக்கிஷமாக்கினாய். முதலில் ஃபேஸ்புக், பிறகு வாட்ஸ்அப் ஏலம், பிறகு வீடியோ. ஐம்பது வயசு மனுஷர்கள் சின்ன வயசில் கூப்பன் வெட்டின பாவத்துக்கு இப்போது அதே புத்தகத்தை முழுசாகத் தேடுகிறார்கள் என்று நீதான் சொன்னாய். ஒவ்வொன்றையும் கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டு நாலு பக்கமும் ஒட்டிவிடுகிறாய். வாங்குகிறவரும் பிரிப்பதில்லையாம், பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். எனக்கென்னவோ அதைப் பார்த்தால், உள்ளே இருக்கிறவனுக்கு மூச்சு முட்டாதா என்றிருக்கும். சொன்னால் சிரிப்பாய் என்று சொல்லவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ கீரனூரில் ஒரு வீட்டில் மொத்தமாக வாங்கி வந்தாயே, சாலையை அகலப்படுத்த வீட்டை இடிக்கப் போகிறார்கள், ஒரு வயசான அம்மா காலி செய்கிறாள் என்று. மூட்டையைப் பிரித்ததும் அந்த வெட்டிய ஓரத்தை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாய். அந்தக் காலத்தில் அசல் பிரதியைப் பார்த்து ஒரு வாசகர் எடுத்தெழுதி வைத்த கடைசிப் பக்கம், உலகத்திலேயே முடிவு தெரிந்த ஒரே பிரதி என்று வீடியோவில் சத்தியம் செய்தாய். குரூப்பில் எல்லாரும் கும்பிடும் பொம்மை போட்டார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன், வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாளாமே, என் தம்பி அதில் எங்கேயாவது ஏதாவது எழுதி வைத்திருக்கிறானா பார் என்று. நீ பார்த்துவிட்டு இல்லை என்றாய். பொய்யில்லை. அன்றைக்கு இல்லைதான்.

போன புதன்கிழமை நீ போன் செய்து, பெட்டியிலிருந்து அதை எடுத்து அனுப்பச் சொன்னாய். நீ கோயம்புத்தூர் போன நாளிலிருந்து அந்த இரும்புப் பெட்டியைப் பூட்டிச் சாவியை என் தாலிக்கயிற்றில்தான் கோத்திருக்கிறேன். மத்தியானம் திறந்தேன். நீ உறையில் போட்டு ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின என் கையெழுத்தை ஒரு தரம் பார்ப்போமே என்று உறையைப் பிரித்தேன். மதிப்புப் போனால் போகட்டும். என் எட்டு வரியும் வெளுத்துப் பழுப்பேறிப் போயிருந்தன. அதற்குக் கீழே ஒன்பதாவதாக ஒரு வரி இருந்தது.

உள்ளே இருந்தவனுக்குப் பசித்தது.

என் எழுத்து. நான் புள்ளியைப் புள்ளியாக வைக்கமாட்டேன், சின்ன வட்டமாகச் சுழிப்பேன், அதே வட்டம். ஆனால் மை புத்தம் புதிய ஊதா. விரல் வைத்தேன், ஒட்டியது. உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உன் எழுத்துத்தானடி, என்னைக்கு எழுதுன?" என்றார். அப்புறம் நீ குரூப்பில் போட்ட படத்தை என் போனில் எடுத்துப் பெரிசாக்கி, இரண்டு பேரும் ஒரு வரி ஒரு வரியாக எண்ணினோம். எட்டுத்தான். நீயும் உன் போனில் எடுத்து எண்ணிப் பார். நான் காத்திருக்கிறேன்.

எண்ணினாயா? சரி. உன் அப்பா அதற்குப் பிறகு தற்செயல் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. போய்க் கால் கிலோ தக்காளி வாங்கி வந்தார். ரசத்துக்கு.

வியாழக்கிழமை காலை சோறு, ரசம், தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக வாழைக்காய் வறுவல் எல்லாம் தூக்குக் கேரியரில் அடுக்கி, புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு, பழனி போய் அங்கிருந்து கீரனூர் பஸ் ஏறினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் யாருக்கு ஆஸ்பத்திரியில் என்று கேட்டாள். தெரிஞ்சவருக்கு, ரொம்ப நாளாப் பட்டினி என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

தோப்பில் மரத்தையெல்லாம் வெட்டிவிட்டார்கள். வெட்டவெளியில் அந்த ஒற்றை வீடு நிற்கிறது, நெற்றியில் சிவப்புப் பெயிண்டால் இடிக்கிற அடையாளம். வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. வார் வெடித்து, தோல் கருவாடாகியிருந்தது, முனை இரண்டும் வீட்டைப் பார்த்து இருந்தன. கழற்றிவிட்டு உள்ளே போகிறவன் எப்படி விடுவானோ அப்படி. பாப்பாத்தி அக்கா தினமும் எடுத்துப் பெருக்கிவிட்டு அதே இடத்தில், அதே வாக்கில் வைத்துவிடுவாளாம். ஒருநாளும் திருப்பி வைத்ததில்லையாம். என்னை அடையாளம் தெரிந்தது அவளுக்கு. "கடைக்கார அம்மிணிதானுங்க?" என்றாள்.

அவள் காலடியில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். கேலிக்கு எழுதினது, கொடுத்தது, ஞாபகம் இல்லை என்று பொய் சொன்னது, எல்லாம். அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆகவே எட்டு வரியையும் வாசித்துக் காட்டினேன். அடிப்பாள் என்றுதான் இருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு ஒன்பதாவது வரியை வாசித்தேன்.

"பசிக்குதுன்னா சொன்னான்?"

ஆமாம் என்றேன்.

"பின்ன ஏனுங்க உக்காந்திருக்கறீங்க? கேரியரைத் தொறங்க."

உள்ளே இலை போட்டாள். சொம்பில் தண்ணீர் வைத்தாள். நான் சோற்றைக் கொட்டி, குழி பறித்து ரசம் ஊற்றினேன். இரண்டு பேரும் வெளியே வந்ததும் அவள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். உச்சி வெயில், ஒரு காக்கை சத்தம்கூட இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து, போகும் வழியில் வாங்கின பேனாவால் ஒன்பதாவது வரிக்குக் கீழே பத்தாவதை எழுதினேன். அவன் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான் என்று. வட்டப் புள்ளி எல்லாம் கோணல். அதற்கும் கீழே, சாப்பிட்டு முடித்து அவன் வெளியே வந்தான் என்று எழுதி முடித்தேன். முடித்துவிட்டு வாய்விட்டுப் படித்தேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே போனோம். இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு பருக்கை குறையவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வயசான பொம்பளையை நம்பவைத்து இன்னொரு தடவை விளையாடிவிட்டேனே என்று இலையை மடிக்கக் குனிந்தேன். வாசலைப் பார்த்து நடந்த அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நானும் போய் எட்டிப் பார்த்தேன்.

செருப்பின் முனை இரண்டும் தெருவைப் பார்த்து இருந்தன.

நான் எழுந்தபோது என் சேலைத் தலைப்போ காலோ தட்டியிருக்கலாம். நான் எதையும் தட்டாமல் நடந்ததில்லை என்று உனக்கே தெரியும். அப்படியே நினைத்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தட்டின செருப்பு ஒன்று அங்கே ஒன்று இங்கே கிடக்கும். இது ஜோடியாக, மடிப்புக் கலையாத மனுஷன் வைத்த மாதிரி இருந்தது. அக்கா அழவில்லை. குனிந்து எடுத்து, முந்தானையால் துடைத்து, தன் துணிப்பையில் வைத்துக்கொண்டாள். கூடவே புத்தகத்தையும் கேட்டாள், கொடுத்துவிட்டேன். பஸ் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அவள் பூட்டவில்லை.

ஆகவே புத்தகம் வராது. சிங்கப்பூர்க்காரருக்கும் குரூப்புக்கும் உண்மையைச் சொல்லிவிடு. அது அசலைப் பார்த்து எழுதினது இல்லை, என் அம்மாவின் கைவரிசை என்று சொல். உன் சொல் என்னால் கெட்டது, சிரிப்பார்கள், சிலபேர் உன்னிடம் வாங்குவதை நிறுத்துவார்கள். அதற்கு நான் என்ன செய்யட்டும்? நல்ல சேலை கட்டிக்கொண்டு உன் வீடியோவில் வந்து நின்று நானே சொல்கிறேன், வேண்டுமானால் பனிமலை வெயிலைப் பற்றி அவர்களையும் நாலு கேள்வி கேட்கிறேன். பொய்யைச் சொன்ன அன்றைக்கே திருத்தியிருந்தால் எட்டு வரியோடு போயிருக்கும். அடுத்த சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன் பார், அதுதான் என் தப்பு. நாளைக்கு உன் பெண்டாட்டியிடம் சீண்டலாக ஏதாவது சொல்லி அவள் முகம் மாறினால், அவள் வாசல் தாண்டுவதற்குள் விளையாட்டு என்று சொல்லிவிடு. பஸ்ஸுக்கு நேரமானாலும் பரவாயில்லை. அப்புறம், நான் எழுதி ஒட்டின மற்றப் புத்தகங்கள் எங்கெங்கே இருக்கின்றனவோ தெரியாது. எவனாவது வெள்ளைக்காரன் ரசஞ்சோறு சாப்பிட்டு முடிகிற புத்தகம் உன் கைக்கு வந்தால் உறையில் போட்டு ஒட்டாதே. ஒட்டுவதற்கு முன்னால் வரியை எண்ணிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்.

பாப்பாத்தி அக்கா உன் கல்யாணத்துக்கு வருகிறாள். உடுமலையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள், அங்கிருந்து வருவாள். நான்தான் அழைத்தேன், வருகிறேன் என்றாள். எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை, ரெண்டு பேருங்க என்று அவளாகவே சொன்னாள். பந்தியில் அவளை உட்காரவைத்துப் பக்கத்திலும் ஓர் இலை போடச் சொல். ஆள் வரட்டும் என்று பரிமாறுகிறவன் காத்திருப்பான், காத்திருக்க வேண்டாம், ரசத்தை ஊற்றிவிட்டுப் போகச் சொல்.

உன் அம்மா